எட்டாவது தட்டு

காவிரிப் பாலத்தில் எஞ்சின் சத்தம் நன்றாகக் கேட்கும். திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம் போகும்போது இடது கண்ணாடியை இறக்கிவிட்டு மூன்றாவது கியரில் மெதுவாகப் போனால், கைப்பிடிச் சுவரில் பட்டுத் திரும்பிக் காதுக்கு வரும். பெரியப்பா முப்பது வருடமாகச் செய்துவந்த பரிசோதனை இது. போன வருடம் ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே பாலத்தில் நான் அதைச் செய்துகொண்டிருந்தேன். பெரியப்பா பக்கத்தில் இல்லை. இருந்திருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. எண்பத்தொரு வயது, இரண்டு காதிலும் மெஷின்.

வண்டி 1986 மாடல் அம்பாசிடர், மார்க் 4, பெட்ரோல். பெரியப்பா திருவெறும்பூர் பெல் ஆலையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. அவரால் ஓட்ட முடியாமல் போன பிறகு சாவி என்னிடம் வந்தது. வந்த எட்டாவது மாதம் பெரம்பலூர் பக்கத்தில் ரேடியேட்டர் தண்ணீர் ஒழுகுவதைக் கவனிக்காமல் ஓட்டி எஞ்சினைப் பிடிக்க வைத்தேன். பிளாக்கில் விரிசல். சென்னையில் ஒருவரிடம் அதே 1489 சிசி எஞ்சின் முழுசாகக் கிடைத்தது. இருபத்தைந்து வருடமாக ஷெட்டில் நின்ற வண்டியிலிருந்து இறக்கியது, அதிகம் ஓடாதது என்றார். போட்டோம். ஓடியது. திருச்சிக்கும் சென்னைக்கும் நான்கைந்து முறை எண்பது, தொண்ணூறில் போய்வந்தேன். அப்புறம்தான் இந்தச் சத்தம். சீராக ஓடும் தையல் மெஷினில் யாரோ ஒரு பல்லை மட்டும் உடைத்துவிட்டதுபோல ஒரு நொண்டல்.

மாற்று எஞ்சின் என்பது அம்பாசிடருக்குப் புதிதில்லை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாக வைத்து, வங்காளத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஐம்பதுகளின் கடைசியில் இதைக் கட்டத் தொடங்கியது. முதலில் உள்ளே இருந்தது 1476 சிசி பக்கவால்வு எஞ்சின். 1959இல் அதை எடுத்துவிட்டு 1489 சிசி பி.எம்.சி. எஞ்சின். பிறகு டீசல் வந்தது. 1992இல் ஜப்பானின் இசுசு எஞ்சின். 2014 மே மாதம் ஆலை நிற்கும்வரை சட்டை கிட்டத்தட்ட அதேதான், உள்ளே ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தான். எங்களுடைய பி.எம்.சி. எஞ்சினின் குடும்பம் நாற்பதுகளின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் பிறந்தது. எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களில் ஓடியதும் இதன் சொந்தக்காரர்தான். இதை உத்தர்பாராவில் பிறந்த எங்கள் வண்டியிடம் சொன்னால் நம்பாது.

நான் மென்பொருள்காரன். சத்தம் என்றால் எனக்கு அது தரவு. செல்போனில் இரண்டு நிமிடம் பதிவு செய்து, லேப்டாப்பில் போட்டு, ஃபூரியே உருமாற்றம் எழுதிப் பார்த்தேன். கணக்கு எளிதுதான். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 900 சுற்று, அதாவது நொடிக்கு 15. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கேம்ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில் சுற்றும், நொடிக்கு ஏழரை. கேம் ஒரு சுற்று சுற்றினால் எட்டு வால்வும் தலா ஒருமுறை திறந்து மூடும். ஆக நொடிக்கு 60 தட்டு. வரைபடத்தில் 60க்குப் பக்கத்தில் ஒரு மேடு இருந்தது. ஆனால் ஏழரையில் இன்னொரு கோடு, அவ்வளவு உயரமாக இருக்கக்கூடாத கோடு, பனைமரம் மாதிரி நின்றது. கேம் சுற்றுக்கு ஒருமுறை ஏதோ நடக்கிறது. ஏதோ ஒரு டாப்பெட் கூடுதலாக இடிக்கிறது என்று முடிவுகட்டினேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வரைபடத்தோடு பாலக்கரையில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். பாய் அதைப் பார்த்தார், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். ஒரு முழ நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மரப் பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து, நுனியை டாப்பெட் கவர் மேல் ஒவ்வொரு இடமாக ஊன்றிக்கொண்டே போனார். முன்னாலிருந்து ஐந்தாவது இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"நீங்க எந்தச் சத்தத்தத் தேடுறீங்க தம்பி?"

"ஒரு டாப்பெட் ஜாஸ்தியா அடிக்குது பாய். அது எதுன்னு."

"எதுவும் ஜாஸ்தியா அடிக்கல. ஏழு அடிக்குது. இது ஒண்ணு வாயே திறக்கல."

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து சைலன்சர் வாய்க்கு முன்னால் பிடித்தார். நோட்டு வெளிப்பக்கம் படபடக்க வேண்டும். படபடத்தது, ஆனால் நடுநடுவே உள்ளே இழுபட்டது. "மூணாவது சிலிண்டர், எக்ஸாஸ்ட் வால்வு. மூடவே மாட்டேங்குது. ஹெட்ட இறக்கிடலாம்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வண்டிக்காக இல்லை, கணக்குக்காக. எட்டுத் தட்டுகள் சீராக வரும் வரிசையில் ஒன்றைக் கூட்டினாலும், ஒன்றை எடுத்துவிட்டாலும், ஏழரையில் எழும் கோட்டின் உயரம் ஒன்றுதான். கூட்டலும் கழித்தலும் வேறுபடுவது அதன் கட்டத்தில், அலை எந்தப் பக்கம் தொடங்குகிறது என்பதில். நான் வரைந்தது உயரத்தை மட்டும். கட்டத்தைக் குப்பையில் போட்டிருந்தேன். கல்லூரியில் இதே விஷயத்துக்கு பத்து மதிப்பெண் கேள்வி எழுதித் தேறியவன் நான்.

பாய்க்கு இது எப்படித் தெரிந்தது என்று மறுநாள் கேட்டேன். அவருடைய அத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் சக்கரப் பிரிவில் இருந்தவர். நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனையை தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1928 வாக்கில் பொன்மலைக்குக் கொண்டுவந்தது. திருச்சியில் பாதிக் குடும்பங்களுக்கு அங்கே வேலை பார்த்த ஒரு தாத்தாவோ மாமாவோ இருப்பார். நீண்ட காம்புச் சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பது அந்தக் காலத்து ரயில்வேயில் ஒரு தனி வேலை. நல்ல சக்கரம் மணிபோல ஒலிக்கும், விரிசல் விட்டது மொத்தென்று செத்துப்போகும். கெட்டுப்போன சக்கரம் சத்தத்தைக் கூட்டாது, குறைக்கும். தேங்காயைத் தட்டி வாங்குகிறவர்களுக்கும், பானையைச் சுண்டிப் பார்க்கிறவர்களுக்கும் இது தெரிந்ததுதான். 1816இல் பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி ஒரு பெண்ணின் மார்பில் வைத்துக் கேட்டதில்தான் ஸ்டெதாஸ்கோப் தொடங்கியது. அதை வைத்துக் கேட்கும் மருத்துவர் கரகரப்பை மட்டும் தேடுவதில்லை. மூச்சு கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை என்றால் இன்னும் கவலைப்படுவார்.

டாப்பெட் விஷயமும் அப்படித்தான். வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி வேண்டும். இந்த எஞ்சினுக்கு அது 15 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. அந்த இடைவெளியைக் கடந்து ராக்கர் தண்டைத் தொடும்போது வருவதுதான் டக் என்ற தட்டு. வால்வு உட்காரும் இருக்கை தேய்ந்தால் வால்வு ஹெட்டுக்குள் புதையும், தண்டு மேலே ஏறும், இடைவெளி காணாமல் போகும். முதலில் சத்தம் நிற்கும். ஓட்டுகிறவருக்கு எஞ்சின் இதமாகிவிட்டதுபோல இருக்கும். பிறகு வால்வு முழுசாக மூடாது. எரிந்த வாயு அந்தச் சந்தில் சீறி வால்வின் விளிம்பைத் தின்னும்.

ஹெட் இறங்கியது. பாய் இருக்கையின் விளிம்பில் நகத்தை ஓட்டிக் காட்டினார். "பாருங்க, ரிங்கே இல்ல. வெறும் வார்ப்பிரும்பு. லெட் பெட்ரோல் காலத்து ஹெட்டு இது."

இதுவரைக்கும் இது வண்டிக் கதை. லெட் பெட்ரோல் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போனால், அதன் ஆரம்பத்திலும் ஒரு புது எஞ்சினின் விநோதச் சத்தம் இருந்தது.

1912இல் அமெரிக்காவின் காடிலாக் கார்கள் கைப்பிடி சுற்றாமல் மின்சாரத்தில் ஸ்டார்ட் ஆகத் தொடங்கின. செய்தவர் சார்லஸ் கெட்டரிங். ஏறக்குறைய அதே சமயம் எஞ்சினுக்குள் சுத்தியலால் அடிப்பதுபோல ஒரு சத்தம் பலருக்கும் கேட்டது. நம் மெக்கானிக்குகள் இன்றும் நாக்கிங் என்று சொல்வதுதான். புதிதாக வந்தவன் மேல்தானே முதலில் சந்தேகம் விழும்? கெட்டரிங்கின் பேட்டரி இக்னிஷன்தான் காரணம் என்று பழி வந்தது. அதைத் துடைக்க அவர் ஒரு இளம் இயந்திரப் பொறியாளரை அமர்த்தினார். அவர் பெயர் தாமஸ் மிட்க்லி.

குற்றவாளி இக்னிஷன் இல்லை, எரிபொருள் என்பதை அவர்கள் கண்டுபிடித்தார்கள். தீப்பொறியின் சுடர் வந்து சேரும் முன்பே, மூலையில் இருக்கும் கலவை அழுத்தம் தாங்காமல் தானாக வெடிப்பதுதான் அந்த இடி. சரியான நோயறிதல். அதற்கு அவர்கள் தேடிய மருந்தின் கதைதான் வேடிக்கை. பனிக்காலம் முடியும் முன்பே பூக்கும் ஒரு செடிக்கு இலையின் பின்புறம் சிவப்பாக இருக்கிறதே, சிவப்பு வெப்பத்தை நன்றாக உறிஞ்சுமோ, பெட்ரோலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினால் என்ன என்று யோசித்தார்கள். அன்று கிடங்கில் சாயம் இல்லை. அயோடினைப் போட்டார்கள். இடி நின்றுவிட்டது! பிறகு வேறு சிவப்புச் சாயங்களைப் போட்டால் நிற்கவில்லை. தவறான காரணத்துக்காகப் போட்ட திருத்தம் வேலை செய்தால் வரும் மகிழ்ச்சியும் பயமும் என் தொழிலில் தினசரி.

அதன்பின் ஒவ்வொரு பொருளாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே போய், 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் லெட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். பெட்ரோலில் துளியளவு போதும், இடி அடங்கிவிடும். எரிசாராயம் கலந்தாலும் அடங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் அதற்கு யாரும் காப்புரிமை வாங்க முடியாது, கலக்க வேண்டிய அளவும் மிக அதிகம். 1923 பிப்ரவரியில் ஓஹையோவின் டேட்டன் நகரில் ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. பெயர் எத்தில். ஈயம் என்ற சொல் பெயரில் வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஈயம் நஞ்சு என்பது ரோமானியர் காலத்திலேயே தெரிந்த சங்கதி. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில் இந்தத் திரவம் தயாரித்த ஆலையில் தொழிலாளர்களுக்குச் சித்தம் கலங்கியது. ஐந்து பேர் இறந்தார்கள். அந்த மாதக் கடைசியில் மிட்க்லி பத்திரிகையாளர்கள் முன்னால் அதே திரவத்தில் கையைக் கழுவி, மோந்தும் காட்டினார். அவரே அதற்கு முந்தைய வருடம் ஈய நஞ்சுக்காக ஓய்வெடுத்தவர். ஹார்வர்டின் ஆலிஸ் ஹாமில்டன் போன்ற மருத்துவர்கள் இதைத் தெருவில் விடாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். நடக்கவில்லை. மிட்க்லியை வில்லனாக்கி முடித்துவிடலாம், பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்கு அவர் பக்கத்து மேசைக்காரர் மாதிரித்தான் தெரிகிறார். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை சத்தத்தை நிறுத்துவது. நிறுத்திவிட்டார், டிக்கெட்டை மூடிவிட்டார்.

எங்கள் ஹெட்டுக்கு வருவோம். எரிந்த பெட்ரோலின் ஈயம் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கையில் மெல்லிய பூச்சாகப் படியும். சிவக்கக் காய்ந்த வால்வு வெறும் வார்ப்பிரும்போடு ஒட்டிப் பிய்ந்து வராமல் அந்தப் பூச்சு தடுத்தது. யாரும் கேட்காமல் கிடைத்த இந்த உபகாரத்தை நம்பி, வால்வு இருக்கைக்குக் கடினமான வளையம் வைக்காமல் பல எஞ்சின்கள் ஐம்பது வருடம் ஓடின. ஈயம் போனதும், வேகமாக நெடுந்தூரம் ஓட்டினால் இருக்கை தேயத் தொடங்கும். பி.எம்.சி. எஞ்சினில் நடுவில் இருக்கும் இரண்டு சிலிண்டர்களுக்கும் புகை போக ஒரே வழி. அந்த இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளும் ஒட்டி உட்கார்ந்து ஒன்றையொன்று காய்ச்சும். மூன்றாவது சிலிண்டர் முதலில் போனதில் ஆச்சரியமில்லை.

இந்தியாவில் ஈயமில்லாப் பெட்ரோல் 1995இல் நான்கு பெருநகரங்களுக்கு வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க. உலகத்தில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021 ஜூலையில். அன்று வேண்டாமென்று ஒதுக்கிய எரிசாராயத்தைத்தான் இன்று நம் பங்க்குகளில் நூற்றுக்கு இருபது கலந்து ஊற்றுகிறார்கள்.

ஆக என் பத்து வயது வரை நான் மூச்சிழுத்தது ஈயப் புகை. அப்பாவின் டிவிஎஸ் 50இல் முன்னால் நின்றுகொண்டு சத்திரம் பேருந்து நிலையத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனது நினைவிருக்கிறது. என் முகம் சரியாக முன்னால் நிற்கும் வண்டிகளின் புகை உயரத்தில் இருக்கும். அந்த வாசனை எனக்குப் பிடிக்கும் என்பதுதான் கொடுமை. ஹெர்பர்ட் நீடில்மன் என்ற அமெரிக்க மருத்துவர் பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்து, அதில் படிந்த ஈயத்தை அளந்து 1979இல் கட்டுரை வெளியிட்டார். பல்லில் ஈயம் கூடிய குழந்தைகளுக்கு அறிவுத்திறன் தேர்வில் மதிப்பெண் குறைந்தது, வகுப்பில் கவனமும் குறைந்தது. நோய் என்று சொல்ல எந்த அறிகுறியும் இல்லாத குழந்தைகள் அவர்கள். என் பால் பற்களைச் சாணியில் உருட்டி ஸ்ரீரங்கத்து ஓட்டுக்கூரை மேல் எறிந்தார்கள். அவற்றை யாரும் அளக்கவில்லை.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் பதறிப்போய் சமையலறையைப் பார்த்தார். அங்கே அவருடைய ஈயச் சொம்பு இருந்தது, நாற்பது வருட ரசம் கண்டது. தமிழில் ஈயம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ரசச் சொம்பு வெள்ளீயம். பெட்ரோலில் போனது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம். உங்கள் சொம்பு கலப்படமில்லாமல் வாங்கியதென்றால் பயமில்லை பெரியம்மா என்றேன். "வாங்கினது உன் பெரியப்பா. அவர்ட்ட கேளு. எல்லாம் நோட்டுல இருக்கும்."

இருந்தது. பெரியப்பாவின் வண்டி நோட்டு நீல நிற நீள நோட்டு, ஆயில் மாற்றிய தேதி முதல் வைப்பர் ரப்பர் வரை. ரசச் சொம்பைத் தேடிப் புரட்டியவன் வேறொரு பக்கத்தில் நின்றேன். 2000 மார்ச். அவருடைய கோணல் இல்லாத எழுத்தில்: ஹெட் இறக்கியது. நான்கு எக்ஸாஸ்ட் வால்வுக்கும் ஸ்டீல் சீட் ரிங் போட்டது. ஈயமில்லாப் பெட்ரோலுக்காக. அடியில் சிவப்பு மையில் ஒரு கோடு.

பெரம்பலூரில் போனது பிளாக்தான். ஹெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் கழற்றிப் புது எஞ்சின் மேல் வைத்திருந்தால் பொருந்தியிருக்கும், இரண்டும் ஒரே வார்ப்பு. நான் பெரியப்பாவைக் கேட்கவில்லை. காது கேட்காதவரிடம் கத்திக் கத்தி விளக்க வேண்டுமே என்ற சோம்பல். பழைய எஞ்சினை ஹெட்டோடு சேர்த்து எடைக்குப் போட்டிருந்தேன். காசை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தது ஞாபகம் இருக்கிறது, எவ்வளவு என்பது ஞாபகம் இல்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் விரித்து, சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தேன். பார்த்தார். "ஆமா, போட்டேன்" என்றார். "பழசு எங்க?"

"போட்டுட்டேன் பெரியப்பா. எடைக்கு."

மெஷினைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இரண்டாவது முறை சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை மூடி என் கையில் கொடுத்து, "எழுதி வை. தேதி போட்டு" என்றார்.

லேத் பட்டறையில் நான்கு இருக்கைகளையும் குடைந்து ரிங் இறக்க ஐந்து நாள் ஆனது. மூன்றாவது சிலிண்டரின் வால்வில் ஒரு ஓரம் எலி கடித்த பிஸ்கட் மாதிரி இருந்தது. அதை மேசையில் வைத்திருக்கிறேன். பாய் ஹெட்டை ஏற்றி, ஃபீலர் கேஜின் இலையை ஒவ்வொரு டாப்பெட்டிலும் நுழைத்து இழுத்துப் பார்த்தார். என்னையும் இழுக்கச் சொன்னார். "லேசாப் பிடிக்கணும், மாட்டக்கூடாது." ஐந்தாவதை நான்தான் வைத்தேன். அவர் திரும்பக் கொஞ்சம் தளர்த்தினார்.

பெரியப்பாவை முன் இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். பாலத்தில் ஏறியதும் அவராகவே இடது கண்ணாடியை இறக்கினார். மூன்றாவது கியர். ஆற்றில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது.

"தட்டுதா?" என்று சத்தமாகக் கேட்டார்.

"தட்டுது பெரியப்பா."

"எட்டுமா?"

அந்த வேகத்தில் யாராலும் எண்ண முடியாது. இருந்தாலும் பாலம் முடியும்வரை கேட்டுவிட்டு, எட்டும் என்று அவருக்கு விரலில் காட்டினேன்.